டேப்லெட் லேப்டாப்பை விழுங்கிவிடும் என்றார்களே, என்ன ஆயிற்று?

குமரி மாவட்டம் கருங்கல்லில் இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கும் கேள்வி இது. கொஞ்சம் சுருக்கித் தருகிறேன்: "அண்ணே, தங்கச்சி குவைத்தில் நர்ஸ். கிறிஸ்துமஸுக்கு வரும்போது என் மகனுக்கு ஐபேட் கொண்டு வரட்டுமா, லேப்டாப் கொண்டு வரட்டுமா என்று கேட்கிறாள். மகன் பிளஸ் டூ படிக்கிறான். 2012 வாக்கில் லேப்டாப்பின் கதை முடிந்தது, இனி எல்லாம் டேப்தான் என்றார்கள். கொஞ்ச நாள் கழித்து டேப்பின் கதை முடிந்தது என்றார்கள். இரண்டும் இன்னும் கடையில் இருக்கிறது. இந்த நிபுணர்கள் ஏன் இப்படித் தப்பாகவே சொல்கிறார்கள்? யார் பேச்சைக் கேட்டு வாங்குவது?"

எதை வாங்குவது என்பதற்குப் பதில் சிறியது, கடைசியில் சொல்கிறேன். நிபுணர்கள் ஏன் தப்பினார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. மார்த்தாண்டத்தில் கம்ப்யூட்டர், மொபைல் விற்பனையும் சர்வீஸுமாகக் காலம் தள்ளுகிறவன் நான். டேப் என்ற பொருள் நம் ஊர்க் கடைகளுக்கு வந்த காலத்தில் இருந்து, யார் வாங்குகிறார்கள், வாங்கியதை யார் பயன்படுத்துகிறார்கள், எது உடைந்து திரும்பி வருகிறது என்று பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

என் கணக்கு இதுதான். டேப்லெட் அநேகமாக யாருக்கும் முதல் கருவி இல்லை. போன் இல்லாமல் டேப் மட்டும் வைத்திருக்கும் பெரிய ஆளை நம் மாவட்டத்தில் தேடித்தான் பிடிக்க வேண்டும். வீட்டுக்குள் அது இரண்டாவதாகவோ மூன்றாவதாகவோதான் நுழைகிறது. அதனால் அதன் தலையெழுத்தை போனும் லேப்டாப்பும்தான் எழுதுகின்றன. ஆரூடம் சொன்னவர்கள் டேப்பையே உற்றுப் பார்த்தார்கள். பக்கத்தில் இருக்கும் போன் எவ்வளவு பெரிதாகப் போகிறது, லேப்டாப் எவ்வளவு இளைக்கப் போகிறது என்பதை யோசிக்கவில்லை.

முதல் பெரிய ஆரூடம் மைக்ரோசாப்ட்டின் பில் கேட்ஸ் சொன்னது. 2001 நவம்பரில் லாஸ் வேகாஸில் நடந்த காம்டெக்ஸ் கம்ப்யூட்டர் கண்காட்சியில், ஐந்து வருடத்துக்குள் அமெரிக்காவில் அதிகம் விற்கும் கம்ப்யூட்டர் வகை டேப்லெட்டாகத்தான் இருக்கும் என்றார். அடுத்த வருடமே விண்டோஸ் எக்ஸ்பியில் டேப்லெட்டுக்கென்று தனிப் பதிப்பு வந்தது. ஐந்து வருடம் போயிற்று, ஒன்றும் நடக்கவில்லை. மருத்துவமனை, இன்சூரன்ஸ் சர்வே என்று சில இடங்களில் மட்டும் ஓடியது. காரணம் எளிது. அந்தக் கருவிகள் ஒன்றரைக் கிலோவை ஒட்டி எடை, இரண்டாயிரம் டாலரை ஒட்டி விலை. உள்ளே இருந்தது மவுஸுக்காக எழுதிய விண்டோஸ். அதன் குட்டிக் குட்டி பட்டன்களைப் பேனா முனையால் குத்திக் குத்தி வேலை பார்க்க வேண்டும். இதற்கு லேப்டாப்பே மேல் என்று ஜனங்கள் போய்விட்டார்கள். கேட்ஸ் காட்டிய உருவம் சரி. ஆனால் அதை உருவாக்கத் தேவையான விரல் தொடுதிரையும், சூடாகாத சிப்பும், ஒரு நாள் தாங்கும் பேட்டரியும் அப்போது மலிவாகக் கிடைக்கவில்லை. அந்த மூன்றையும் செல்போன்தான் பிறகு கொண்டு வந்து கொடுத்தது. டேப் பிறப்பதற்கே போன் முதலில் வர வேண்டியிருந்தது என்பதை இங்கேயே குறித்துக்கொள்ளுங்கள்.

2010 ஜனவரி 27-ல் ஆப்பிள் தலைவர் ஸ்டீவ் ஜாப்ஸ் ஐபேட்டைக் காட்டினார். விலை 499 டாலரில் தொடக்கம். அப்போது எழுதியவர்களில் பாதிப் பேர் கேலிதான் செய்தார்கள். இது வெறும் பெரிய ஐபாட் டச், கேமரா இல்லை, யூஎஸ்பி இல்லை, ஃபிளாஷ் ஓடாது, யார் வாங்குவார்கள் என்றார்கள். ஏப்ரல் 3-ல் விற்பனைக்கு வந்தது. முதல் நாளே மூன்று லட்சம், 28 நாளில் பத்து லட்சம், அந்த வருட முடிவுக்குள் ஒன்றரைக் கோடியை ஒட்டி. கேலி செய்தவர்கள் அதில் என்ன இல்லை என்று பட்டியல் போட்டார்கள். சோபாவில் சாய்ந்துகொண்டு படம் பார்க்க, படிக்க, மெயில் பார்க்க அந்த இல்லாதவை எதுவும் தேவைப்படவில்லை.

நம் பக்கத்தில் ஐபேட் கடை வழியாக அவ்வளவாக வரவில்லை, பெட்டி வழியாகத்தான் வந்தது. இந்தியாவில் அதிகாரப்பூர்வ விற்பனை 2011 ஜனவரி கடைசியில்தான், விலை 27,900 ரூபாய். அதற்குள் துபாயில் இருந்தும் தோஹாவில் இருந்தும் லீவுக்கு வந்தவர்கள் கொண்டு வந்துவிட்டார்கள். கொண்டு வந்தவருக்கே அதை வைத்து என்ன செய்வது என்று சரியாகத் தெரியாது. வீட்டில் வைஃபை கிடையாது, பாட்டு ஏற்ற கம்ப்யூட்டரில் ஐட்யூன்ஸ் என்ற சாப்ட்வேர் வேண்டும். கடைக்கு எடுத்து வந்து, "இதில் கொஞ்சம் படம் ஏற்றித் தா மக்களே" என்பார்கள். மெமரி கார்டு போடும் இடம் எங்கே என்று கேட்பார்கள். இல்லை என்று சொன்னால் நம்ப மாட்டார்கள்.

ஐபேட் ஓடியதும் நிபுணர்கள் இந்தப் பக்கம் சாய்ந்தார்கள், அதுவும் முழுதாக. கம்ப்யூட்டரெல்லாம் இனி லாரி மாதிரி, சிலருக்கு மட்டும்தான் தேவைப்படும் என்று ஜாப்ஸ் 2010 ஜூனில் சொன்னார். சந்தைக் கணக்கு எடுக்கும் ஐடிசி நிறுவனம் 2013-ல் ஒரு முன்கணிப்பு வெளியிட்டது. 2015-ல் டேப் விற்பனை, டெஸ்க்டாப், லேப்டாப் இரண்டும் சேர்ந்த மொத்த விற்பனையைத் தாண்டிவிடும்; 2017-ல் வருடத்துக்கு 40 கோடி டேப்புக்கு மேல் போகும். அந்த வருடம் பார்த்த யாருக்கும் இது நியாயமாகத்தான் தெரிந்திருக்கும். மூன்றே வருடத்தில் ஒரு பொருள் பூஜ்யத்தில் இருந்து இருபது கோடிக்கு ஏறியிருந்தது. பிசி (டெஸ்க்டாப், லேப்டாப் இரண்டும்) விற்பனையோ 2011-ல் 36 கோடி அளவுக்குப் போய்விட்டு இறங்க ஆரம்பித்திருந்தது. ஒரு கோடு ஏறுகிறது, இன்னொன்று இறங்குகிறது, ஸ்கேலை வைத்து நீட்டினால் வெட்டிக்கொள்ளும் இடம் 2015.

நடந்தது வேறு. டேப் விற்பனை 2014-ல் 23 கோடி அளவில் உச்சம் தொட்டது. 2015-ல் அது 21 கோடிக்குக் கீழே வந்துவிட்டது, அதே வருடம் பிசி 27 கோடிக்கு மேல். 2017-ல் நாற்பது கோடி என்று சொன்ன இடத்தில் விற்றது 16 கோடி சொச்சம். ஆப்பிளின் கணக்கும் இதையே சொல்கிறது. 2013 நிதியாண்டில் 7.1 கோடி ஐபேட் விற்றவர்கள் 2015-ல் 5.5 கோடி விற்றார்கள், 2017-ல் 4.4 கோடி.

ஏன்? முதல் காரணம் என் சர்வீஸ் மேஜையிலேயே தெரிந்தது. டேப் உடைந்து வருவது குறைவு. போன் பாக்கெட்டில் இருந்து விழும், பைக்கில் இருந்து விழும், மழையில் நனையும். டேப் வீட்டை விட்டு அதிகம் வெளியே போவதில்லை. அதில் பார்ப்பதும் யூட்யூப், குழந்தை விளையாட்டு, கொஞ்சம் பேஸ்புக். இதற்குப் புது சிப் எதற்கு? மிக்ஸியோ கிரைண்டரோ வாங்கியது போலத்தான், ஓடும் வரை ஓடட்டும் என்று விட்டுவிடுகிறார்கள். 2011-ல் வந்த ஐபேட் 2, ஐஓஎஸ் 9 வரைக்கும் அப்டேட் வாங்கியது, அதாவது 2016 வரை. அதற்குப் பிறகும் அதில் படம் பார்த்தவர்கள் உண்டு. போனை இரண்டு மூன்று வருடத்தில் மாற்றுகிற பழக்கத்தை வைத்து டேப்புக்கும் கணக்குப் போட்டார்கள். முதல் தடவை வாங்குகிறவர்கள் எல்லாரும் வாங்கி முடிக்கும் வரை கோடு ஏறியது, அப்புறம் மறுபடி வாங்க ஆள் இல்லை.

இரண்டாவது காரணம் போன். இது நம் மாவட்டத்துக்கு ரொம்பப் பொருந்தும் கதை, ஏழு அங்குல டேப்பில் இருந்து தொடங்க வேண்டும்.

2010 அக்டோபரில் ஜாப்ஸ் ஏழு அங்குல டேப்பை வாயில் வந்தபடி திட்டினார். போனுக்கும் ஆகாது, ஐபேட்டுக்கும் ஆகாது, பிறக்கும்போதே செத்த பொருள், அதைப் பயன்படுத்த விரலை உப்புத்தாளால் தேய்த்துச் சின்னதாக்கிக்கொள்ள வேண்டும் என்றார். ஆனால் சாம்சங் கேலக்ஸி டேப் ஏழு அங்குலத்தில் வந்தது, 2011 கடைசியில் அமேசான் கிண்டில் ஃபயரை 199 டாலருக்கு விட்டது, 2012-ல் கூகுளின் நெக்ஸஸ் 7 அதே விலையில் வந்தது. எல்லாம் விற்றது. ஜாப்ஸ் இறந்து ஒரு வருடம் கழித்து ஆப்பிளே 7.9 அங்குல ஐபேட் மினியைக் கொண்டு வந்தது. ஜாப்ஸ் சொன்னது தப்பு என்று எல்லாரும் எழுதினார்கள்.

இங்கே என்ன நடந்தது தெரியுமா? 2012, 2013-ல் நாகர்கோவில் கடைகளில் நாலாயிரம், ஐயாயிரம், ஏழாயிரம் ரூபாய்க்கு ஏழு அங்குல டேப் குவிந்தது. மைக்ரோமேக்ஸ், கார்பன், ஐபால் என்று பேர். பலவற்றில் சிம் போடலாம், போன் பேசலாம். வடசேரி பஸ் ஸ்டாண்டில் ஒரு ஆள் அரை முகத்தை மறைத்தபடி டேப்பைக் காதில் வைத்துப் பேசிக்கொண்டு நிற்பது அன்றைக்குச் சாதாரணக் காட்சி. வெளிநாட்டு நிபுணர் யாரும் இதை எதிர்பார்க்கவில்லை. இரண்டு கருவி வாங்கக் காசு இல்லாதவன் ஒன்றிலேயே இரண்டையும் முடித்துக்கொள்ளப் பார்க்கிறான். அவன் கேட்டது பெரிய திரை உள்ள போன். அது அப்போது மலிவாகக் கிடைக்காததால் டேப்பை வாங்கினான்.

கிடைத்ததும் டேப்பை விட்டுவிட்டான். 2011-ல் சாம்சங் கேலக்ஸி நோட் 5.3 அங்குலத்தில் வந்தபோது, இதையெல்லாம் எவன் பாக்கெட்டில் வைப்பான் என்று சிரித்தார்கள். மூன்று வருடத்தில் ஆப்பிளே 5.5 அங்குல ஐபோன் 6 பிளஸைக் கொண்டு வந்தது. 2016 செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டா தண்ணீராக ஓட ஆரம்பித்தது. பத்தாயிரம் ரூபாய்க்குள் ஐந்தரை அங்குல போன், தினமும் ஒரு ஜிபி. அதற்குப் பிறகு மலிவு டேப்பைக் கேட்டு வருகிறவர்கள் கடையில் அநேகமாக நின்றே போனார்கள். இன்று ஆறரை அங்குல போன்தான் சாதாரணம். ஏழு அங்குல டேப் சந்தையில் இருந்து கிட்டத்தட்ட மறைந்துவிட்டது. ஜாப்ஸ் சொன்ன முடிவு கடைசியில் பலித்தது, அவர் சொன்ன காரணத்துக்காக இல்லை. விரல் அளவு ஒரு பிரச்சினையே ஆகவில்லை.

இந்த இடத்தில் ஆகாஷ் டேப்பைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. 2011 அக்டோபர் 5-ல் அன்றைய மத்திய அமைச்சர் கபில் சிபல் டெல்லியில் வெளியிட்டார். உலகத்திலேயே மலிவான டேப், மாணவர்களுக்கு 35 டாலரில் கிடைக்கும் என்று உலகப் பத்திரிகைகள் எல்லாம் எழுதின. தயாரித்தது டேட்டாவிண்ட். ஏழு அங்குலத் திரை, ஆனால் அழுத்தினால்தான் கேட்கும் பழைய வகைத் தொடுதிரை. 366 மெகாஹெர்ட்ஸ் சிப். 256 எம்பி ராம். ஒரு பக்கம் திறக்கும் நேரத்தில் புத்தகத்தையே எடுத்துப் படித்துவிடலாம். அடுத்த வருடம் ஆகாஷ் 2 கொஞ்சம் தேறிய வடிவில் வந்தது, ஆனாலும் கோடிக்கணக்கான மாணவர்கள் என்ற கனவு அங்கேயே நின்றது. அதே 2011-ல், ஆகாஷுக்கு மூன்று வாரம் முன்பு, செப்டம்பர் 15-ல் தமிழ்நாடு அரசு பிளஸ் டூ, கல்லூரி மாணவர்களுக்கு இலவச லேப்டாப் கொடுக்கத் தொடங்கியது. நம் மாவட்டத்தில் எத்தனையோ வீட்டில் முதல் கம்ப்யூட்டர் அந்த லேப்டாப்தான். பேட்டரி போய், கீ பெயர்ந்து, அக்கா முடித்து தம்பி முடித்து, சிலது கடைசியில் தங்கை கைக்கும் வந்து சேர்ந்தது. பெரிய அரசியல் பேச விரும்பவில்லை, ஆனால் எது முதல் கருவியாக வேண்டும் என்பதை அன்றைக்குச் சென்னை சரியாகப் பிடித்தது, டெல்லி விலையை மட்டும் பிடித்தது.

2011, 2012-ல் போட்டிக்கு இறங்கிய கம்பெனிகளின் கதியைப் பார்த்தால் பாவமாக இருக்கும். எச்பி 120 கோடி டாலர் கொடுத்து பாம் என்ற செல்போன் கம்பெனியை வாங்கி, டச்பேட் என்று ஒன்றை 2011 ஜூலை 1-ல் விற்பனைக்கு விட்டது. ஆகஸ்ட் 18-ல் நிறுத்திவிட்டது. 49 நாள். மிச்சத்தை 99 டாலருக்குத் தள்ளியதும் கடைகளில் வரிசை நின்றது. ஐநூறு டாலருக்கு வேண்டாம், நூறு டாலருக்கு வேண்டும் என்று ஜனங்கள் காட்டியதை விடத் தெளிவான சந்தை ஆய்வு கிடையாது. பிளாக்பெர்ரி தன் பிளேபுக்கைத் தன் பெயருக்கே ஆதாரமான மெயில் வசதி சொந்தமாக இல்லாமல் வெளியிட்டது. அந்த வருட முடிவில் 48.5 கோடி டாலரை நஷ்டக் கணக்கில் எழுதியது. மைக்ரோசாப்ட் 2012-ல் சர்ஃபேஸ் ஆர்டி விட்டது. பழைய விண்டோஸ் சாப்ட்வேர் எதுவும் அதில் ஓடாது. விண்டோஸ் என்று பெயர் போட்டு, விண்டோஸ் சாப்ட்வேர் ஓடாத பொருளை விற்பது பெரிய துணிச்சல். 2013-ல் 90 கோடி டாலர் நஷ்டம் எழுதினார்கள்.

பத்திரிகைகளும் பள்ளிகளும் கூட மாட்டின. ரூபர்ட் மர்டாக் ஐபேட்டுக்கென்றே தி டெய்லி என்ற நாளிதழை 2011 பிப்ரவரியில் தொடங்கினார், அடுத்த வருட டிசம்பரில் மூடிவிட்டார். லாஸ் ஏஞ்சலஸ் பள்ளி நிர்வாகம் 130 கோடி டாலர் திட்டம் போட்டு 2013-ல் மாணவர்களுக்கு ஐபேட் கொடுக்க ஆரம்பித்தது. சில நாட்களிலேயே பிள்ளைகள் தடுப்புகளை உடைத்து பேஸ்புக் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். அடுத்த வருடம் திட்டத்தையே நிறுத்தினார்கள்.

இப்படி ஒருபக்கம் சரிவு தெரிந்ததும் எதிர்ப்பக்க ஆரூடம் வந்தது. பிளாக்பெர்ரி தலைவர் தோர்ஸ்டன் ஹைன்ஸ் 2013 ஏப்ரலில், ஐந்து வருடத்தில் டேப் வைத்திருக்க யாருக்கும் காரணமே இருக்காது என்றார். பிளேபுக்கில் கை சுட்டவர் வேறு என்ன சொல்வார்? அந்த வருட முடிவுக்குள் அவர் பதவியில் இல்லை. ஐபேட் இருக்கிறது. 2024 நிதியாண்டில் ஐபேட் வருமானம் மட்டும் 2,600 கோடி டாலருக்கு மேல். அதே ஆண்டு ஆப்பிளின் மேக் கம்ப்யூட்டர்கள் அதைவிடக் கூடுதலாகச் சம்பாதித்தன என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஏனென்றால் 2015-ல் ஐபேட் ப்ரோ வந்தபோது, இனி ஏன் பிசி வாங்க வேண்டும் என்று கேட்டவர் ஆப்பிள் தலைவர் டிம் குக்கேதான்.

லேப்டாப் ஏன் சாகவில்லை என்பதும் இதில் அடங்கும். அது டேப்பிடம் பாடம் படித்தது. 2010-ல் ஒரு சாதாரண லேப்டாப் இரண்டரைக் கிலோ, பேட்டரி மூன்று மணி நேரம், ஆன் ஆக ஒரு நிமிடத்துக்கு மேல். ஹார்டு டிஸ்க் போய் எஸ்எஸ்டி வந்தது, உடம்பு மெலிந்தது, மூடித் திறந்தால் உடனே விழித்துக்கொண்டது. 2020 கடைசியில் எம்1 சிப்போடு வந்த ஆப்பிளின் மேக்புக் ஏர் லேப்டாப்பில் ஃபேனே கிடையாது, நாள் முழுக்க சார்ஜ் நிற்கும். அடுத்த வருடம் அதே சிப்பை ஐபேட் ப்ரோவில் போட்டார்கள். டேப்பின் தனிச் சொத்தாக இருந்தவை எல்லாம் லேப்டாப்புக்குப் போய்விட்டன. லேப்டாப்பின் கீபோர்டு டேப்புக்கு வந்தது, கூடவே பேனா வைத்து எழுதும் வசதியும் வந்தது. பேனாவைப் பற்றி ஒரு வேடிக்கை. 2007-ல் ஐபோனைக் காட்டும்போது, ஸ்டைலஸ் யாருக்கு வேண்டும் என்று ஜாப்ஸ் முகம் சுளித்தார். இன்று மாணவர்கள் ஐபேட் வாங்குவதற்கு முதல் காரணமே அந்தப் பேனாதான்.

சந்தையின் கடைசித் திருப்பத்தை எந்த நிபுணரும் சொல்லியிருக்க முடியாது. 2019-ல் கூகுள், இனி நாங்கள் டேப் செய்யப் போவதில்லை என்று அறிவித்தது. சில மாதத்தில் கொரோனா வந்து, வீட்டுக்கு ஒரு போன் வைத்திருந்த குடும்பத்தில் மூன்று பிள்ளைக்கு ஒரே நேரத்தில் ஆன்லைன் வகுப்பு. போனை அப்பா வேலைக்கு எடுத்துப் போய்விடுவார். பத்தாயிரம், பன்னிரண்டாயிரம் விலையில் எந்த டேப் கடைக்கு வந்தாலும் அன்றைக்கே போய்விடும். பேச்சிப்பாறைக்கு மேலே மலைக் குடியிருப்புகளில் சிக்னலே இல்லாமல் தவித்தார்கள், அவர்களுக்கு டேப்பும் ஒன்றுதான், பலகையும் ஒன்றுதான். உலக விற்பனை 2019-ல் 14 கோடி சொச்சமாக இருந்தது, 2021-ல் 17 கோடியை ஒட்டிப் போனது. 2023-ல் 13 கோடிக்குக் கீழே விழுந்தது, 2024-ல் மறுபடி ஏறியது. கூகுள் 2023-ல் திரும்பி வந்து பிக்சல் டேப்லெட் விட்டது. இந்த ஏற்ற இறக்கத்தைப் பார்த்து ஒருவர் மறுமலர்ச்சி என்பார், ஒருவர் மரணம் என்பார். வாங்கியதை ஐந்தாறு வருடம் வைத்திருக்கும் பொருளுக்கு விற்பனை இப்படித்தான் அலையும். 2020-ல் வாங்கியவர்கள் மாற்றும் காலம் வந்தால் ஏறும், வந்து போனால் இறங்கும்.

சரி, இன்று நம் மாவட்டத்தில் டேப் யார் கையில் இருக்கிறது? நான் பார்க்கிற வரையில் சொல்கிறேன். முதலில் பெரியவர்கள். பிள்ளைகள் வளைகுடாவிலோ இங்கிலாந்திலோ இருக்கும் வீடுகள் இங்கே தெருவுக்குத் தெரு உண்டு. பேரனின் முகத்தைப் பெரிதாகப் பார்க்க அம்மச்சிக்கு பத்து அங்குலத் திரை வேண்டும். அடுத்தது கோயில் பாடகர் குழு, கச்சேரிக் குழு. கீபோர்டு வாசிக்கிற பையன்கள் பாட்டுப் புத்தகத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு ஸ்டாண்டில் டேப்பை மாட்டி, பாட்டின் ஸ்கேல், கார்ட்ஸ் (chords) எல்லாம் அதில்தான் பார்க்கிறார்கள். அப்புறம் படிக்கிறவர்கள். நீட், டிஎன்பிஎஸ்சி என்று பிடிஎஃப் மலை. வெளிநாட்டு வேலைக்காக ஓஇடி என்ற ஆங்கிலத் தேர்வு எழுதும் நர்ஸ் பிள்ளைகள் நைட் டூட்டி முடித்துப் படுத்துக்கொண்டே வீடியோ பார்த்துப் படிக்க டேப்பைத்தான் கேட்கிறார்கள். கடைசியில் அரசாங்கம். தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்குத் தமிழ்நாடு அரசு கைக்கணினி கொடுத்திருக்கிறது. ஹரியானா அரசு 2022-ல் ஐந்து லட்சம் மாணவர்களுக்கு டேப் கொடுக்கும் திட்டத்தைத் தொடங்கியது. இந்தியாவில் ஒரு வருடம் டேப் விற்பனை திடீரென்று ஏறினால், எந்த மாநிலம் டெண்டர் விட்டது என்று முதலில் பாருங்கள். ஜனங்களின் ரசனை மாறிவிட்டது என்று எழுதுகிறவர்கள் இதைப் பார்க்க மறந்துவிடுகிறார்கள்.

இந்தப் பட்டியலில் உள்ள ஒருவரும் டேப்பை லேப்டாப்புக்குப் பதிலாக வாங்கவில்லை. மீன்பிடித் துறையில் டேப் பெரிய அளவில் வரும் என்றும் ஒரு காலத்தில் பேச்சு இருந்தது. குளச்சல், தூத்தூர் பக்கத்து ஆழ்கடல் படகுகளில் ஜிபிஎஸ்ஸும், ஆழம் பார்க்கும் எக்கோ சவுண்டரும் தனித்தனியாக இருக்கிறது. உப்புக் காற்றில் சார்ஜ் பின் துருப்பிடித்துப் போகும் ஒரு பொருளை நம்பிக் கடலில் வாரக்கணக்கில் போக யாரும் தயாராக இல்லை.

இனி தம்பியின் மகன் விஷயம். 2025 மார்ச் பட்ஜெட்டில் தமிழ்நாடு அரசு கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு, அவரவர் விருப்பப்படி கைக்கணினி அல்லது மடிக்கணினி என்று அறிவித்தது. பிறகு டெண்டர் போனது மடிக்கணினிக்குத்தான். மகனிடம் சொந்தமாக லேப்டாப் இல்லை என்றால், பிளஸ் டூவுக்குப் பிறகு எந்தப் படிப்பானாலும் முதலில் லேப்டாப்தான். இன்ஜினியரிங் என்றால் யோசிக்கவே வேண்டாம். ஆட்டோகேட், சாலிட்வொர்க்ஸ் போன்ற டிசைன் சாப்ட்வேர் முழுதாக ஐபேட்டில் ஓடாது, புரோகிராமிங் லேபில் ஐபேட்டை வைத்துத் திண்டாடுவான். பிகாம் சேர்ந்தால் டேலி என்ற கணக்கு சாப்ட்வேர் இருக்கிறது, அதற்கும் விண்டோஸ் வேண்டும். எம்பிபிஎஸ், நர்சிங், சட்டம் என்றால் குறிப்பெடுக்கவும் தடிப் புத்தகங்களை பிடிஎஃப்பில் படிக்கவும் பேனா வைத்த டேப் உண்மையிலேயே உதவும், ஆனால் அங்கேயும் ப்ராஜெக்டும் அசைன்மென்டும் டைப் அடிக்க ஒரு லேப்டாப் பக்கத்தில் தேவைப்படும். அரசுக் கல்லூரியில் இடம் கிடைத்து, லேப்டாப் அரசு வழியாக வந்துவிடும் என்ற நிலை இருந்தால் அத்தை ஐபேட்டைக் கொண்டு வரட்டும். முடிவு பிளஸ் டூ ரிசல்ட் வரும் வரை தெரியாது என்றால், இந்தக் கிறிஸ்துமஸுக்கு அவசரப்பட வேண்டாம்.

லேப்டாப்தான் என்று முடிவானால், குவைத்தில் வாங்கும்போது தங்கச்சி மூன்று விஷயம் பார்க்க வேண்டும். அங்கே விற்கும் பல மாடல்களில் கீபோர்டில் அரபி எழுத்தும் சேர்ந்து அச்சாகி இருக்கும், பையனுக்கு அது தொந்தரவா என்று கேட்டுக்கொள்ளட்டும். சார்ஜர் பின் தட்டையான மூன்று முனை, நம் சுவர் சாக்கெட்டில் நேராக நுழையாது. அடாப்டர் மாட்டி ஓட்டுவதை விட, இங்கே வந்ததும் அந்த பவர் கார்டை மட்டும் மாற்றிவிடுவது நல்லது, அதற்குப் பெரிய செலவு ஆகாது. வாரண்டி இந்தியாவில் செல்லுமா என்று பில்லிலேயே எழுதி வாங்கட்டும், கடைக்காரர் வாயால் சொல்வது போதாது. சுங்கத்தைப் பற்றிக் கவலை வேண்டாம், 18 வயது நிறைந்த பயணி ஒரு லேப்டாப்பை வரி இல்லாமல் கொண்டு வரலாம்.